சதுப்புக்கும் அலைத் தண்ணீருக்கும் ஒரே சின்னப் படகு: எண்ணூர், பழவேற்காடு

மீஞ்சூர் வாசகரின் கேள்வி, 9 நவம்பர் 2024

"அமெரிக்காவில் வாத்து வேட்டைக்குப் போகிறவர்களின் சின்னப் படகுகளை வீடியோவில் பார்த்தேன். 12 அடி நீளம், தட்டை அடி, முழுக்கப் பச்சை பெயின்ட். நாணல் ஓரமாகப் படுத்தபடியே போகிறார்கள். எனக்கு வேட்டை வேண்டாம். பழவேற்காட்டுக்கு வரும் ஊசிவால் வாத்துகளை எண்ணணும், படம் எடுக்கணும். எண்ணூர்ச் சேற்றுக்கும் அதே படகு, காற்றடிக்கும் நாளில் ஏரி நடுவுக்கும் அதே படகு வேண்டும். 12 அடி போதுமா?"

9 நவம்பர், இரவு

போதாது. 14 அடி வேண்டும். அடித்தட்டின் அகலம் 4 அடிக்குக் குறையக் கூடாது. காரணத்தை நாளைக்கு எழுதுகிறேன்.

10 நவம்பர்

படகுக்கு முன்னால் ஒரு விஷயம். கேள்வியில் வேட்டை என்ற சொல்லைப் பார்த்ததுமே இரண்டு பேர் கொதித்துவிட்டார்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் தொடக்கத்தில் உரிமம் வாங்கிச் சுட இடம் இருந்தது. 1991 திருத்தத்தோடு அதுவும் போயிற்று. இன்றைக்கு இங்கே காட்டு வாத்தைச் சுடுவது குற்றம், அவ்வளவுதான். ஆனால் வாத்துக்குப் பக்கத்தில் சத்தமில்லாமல் போக வேண்டும், குறைந்த தண்ணீரில் மிதக்க வேண்டும், காற்று எழுந்தால் உயிரோடு திரும்ப வேண்டும் என்ற மூன்றையும் நூறு, நூற்றைம்பது வருஷமாக யோசித்துப் படகு கட்டியவர்கள் அந்த வேட்டைக்காரர்கள்தான். கையில் துப்பாக்கி இருந்தாலும் தொலைநோக்கி இருந்தாலும் படகுக்கு வரும் பிரச்சினை ஒன்றே. அவர்களிடமிருந்து கற்பதில் தப்பில்லை.

இப்போது அகலம். தட்டை அடிப் படகு பக்கவாட்டில் சாயாமல் நிற்கும் பலம் அகலத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. 3 அடி என்றால் 3×3×3, அதாவது 27. 4 அடி என்றால் 64. அகலத்தில் ஒரே ஒரு அடி கூட்டினால் நிலைப்பு இரண்டு மடங்கைத் தாண்டிவிடுகிறது. நீளத்தைக் கூட்டினால் இந்தப் பலன் கிடைக்காது. நீளம் கூடின அளவுக்குத்தான் கூடும்.

வீடியோவில் பார்த்த படகின் பக்கத்தில் 1236 என்று எழுதியிருந்திருக்கலாம். அது 12 அடி நீளம், 36 அங்குல அடித்தட்டு என்பதற்கான குறி. 1448 என்றால் 14 அடி, 48 அங்குலம். மேல் விளிம்பை அளந்து "ஐந்தடி இருக்கே" என்று விற்பவர் சொல்வார். விளிம்பை விட்டுவிட்டு அடியை அளந்து பாருங்கள்.

10 நவம்பர், கொஞ்ச நேரம் கழித்து

அமிழும் கணக்கையும் போட்டுவிடுகிறேன். தண்ணீரில் பதியும் பகுதி 10 அடிக்கு 4 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு அங்குலம் அமிழ ஏறக்குறைய 95 கிலோ வேண்டும். படகு 90 கிலோ, இரண்டு ஆள் 140, சாமான் 40. எல்லாம் சேர்ந்து 270. மூன்று அங்குலத் தண்ணீரே போதும். சதுப்புக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் இதே கணக்கு மறுபக்கமும் வேலை செய்யும். படகுக்குள் ஒரு அங்குலம் தண்ணீர் ஏறினால் அதுவும் 90 கிலோவுக்கு மேல். ஆள் ஏறினால் ஒரு இடத்தில் உட்காருவான். தண்ணீர் உட்காராது. படகு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே முழுக்க ஓடிப்போய் இன்னும் சாய்க்கும். தட்டை அடிப் படகு கவிழும்போது பல நேரம் அதைக் கவிழ்ப்பது வெளியே இருக்கிற அலையில்லை, உள்ளே வந்துவிட்ட அலைதான்.

13 நவம்பர்

"சதுப்பில் எது வசதியோ அதை வாங்கு, காற்று அடித்தால் போகாமல் இரு" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கேட்க நியாயமாக இருக்கிறது. பழவேற்காட்டில் அது நடக்காது.

விடிகாலையில் போகும்போது ஏரி அசையாமல் கிடக்கும். ஒன்பது, பத்து மணிக்கு மேல் காற்று ஏறும். வாடை தொடங்கிவிட்ட நவம்பர், டிசம்பரில் வடகிழக்கிலிருந்து வரும் காற்றுக்கு ஏரியின் நீளம் முழுக்க ஓடிவர இடம் இருக்கிறது. நம் பக்கத்தில் இருப்பது தெற்கு முனை. பெரும்பகுதி ஆந்திராவில். அங்கே கிளம்பிய அலை நம்மிடம்தான் வந்து சேரும். ஏரியோ பெரும்பாலும் இடுப்பளவு, மார்பளவு ஆழம்தான். ஆழமில்லாத தண்ணீரில் அலை நீளமாக உருளாது. குட்டையாக, செங்குத்தாக, ஒன்றன்மேல் ஒன்று நெருக்கமாக வரும். கடலில் இரண்டடி அலையில் சும்மா ஏறி இறங்கும் படகு, இந்த ஒன்றரை அடி அலையில் அணியத்தை, அதாவது முன்முனையை, குத்தித் தண்ணீர் வாரும்.

வாத்து உட்கார்ந்திருக்கும் இடம் அமைதியான இடம்தான். அங்கே போகும் வழியும் காலையில் அமைதிதான். திரும்புகிற வழி அப்படி இல்லை. அதனால் என் அபிப்பிராயம் இது: நின்று பார்க்கப் போகும் சதுப்பை மனதில் வைத்துப் படகு தேர்ந்தெடுக்காதீர்கள். வீட்டுக்கும் உங்களுக்கும் நடுவே கிடக்கும் மோசமான தண்ணீரை வைத்துத் தேர்ந்தெடுங்கள்.

14 நவம்பர்

நேற்று எழுதியதற்கு ஆதாரமாக ஒன்றைச் சொல்லியே ஆகணும். 2011 டிசம்பர் 25. பழவேற்காட்டில் சுற்றிப் பார்க்கப் போன படகு முகத்துவாரத்துப் பக்கம் கவிழ்ந்து 22 பேர் போனார்கள். பெண்கள், பிள்ளைகள். மீன்பிடிப் படகில் அளவுக்கு மேல் ஆள். உயிர்காப்பு அங்கி இல்லை. அந்தச் செய்தி வந்த நாளை வடசென்னையில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதற்குப் பிறகுதான் அங்கே சுற்றுலாப் படகு விடக் கூடாது என்று கெடுபிடி வந்தது.

அமெரிக்காவில் 20 அடிக்குக் குறைந்த எஞ்சின் படகு என்றால் எத்தனை ஆள், எத்தனை எடை என்று தகட்டில் அடித்து உள்ளேயே ஒட்டியிருக்க வேண்டும். நம் பட்டறையில் அதெல்லாம் தரமாட்டார்கள். நீங்களே எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். 14 அடிப் படகு என்றால் இரண்டு பேர். மூன்றாவது ஆள் கரையில் இருக்கட்டும்.

17 நவம்பர்

தாழங்குப்பத்து நண்பர் கேட்கிறார்: "நம்ம கட்டுமரம் இருக்கும்போது வெள்ளைக்காரன் படகு எதுக்கு?"

நல்ல கேள்வி, இதை விரிவாகவே எழுதுகிறேன்.

படகை அலை தாக்கும் பிரச்சினைக்கு இதுவரை மனிதன் கண்டுபிடித்த விடைகள் கொஞ்சம்தான். ஒன்று, வருகிற தண்ணீர் தானாகவே போய்விட வேண்டும். கட்டுமரம் அதைத்தான் செய்கிறது. மரங்களைச் சேர்த்துக் கயிற்றால் கட்டியது. அலை மேலே ஏறினால் இடுக்கு வழியாக இறங்கிவிடும். அதில் இறைக்க வேண்டிய தண்ணீர் என்று எதுவுமே கிடையாது, அதனால் மூழ்கவும் மூழ்காது. இன்றைக்குப் பிளாஸ்டிக்கில் வரும், மேலே உட்கார்ந்து துடுப்பால் ஓட்டும் சின்னக் கயாக் படகில் அடியில் துளை விட்டிருப்பது இதே யோசனைதான்.

இரண்டாவது, தண்ணீரை உள்ளேயே விடாமல் மூடுவது. அமெரிக்காவின் நியூ ஜெர்சிக் கடற்கரையில் பார்னகாட் விரிகுடாவில் ஸ்னீக்பாக்ஸ் என்று ஒரு வாத்துப் படகு உண்டு. 1836 வாக்கில் ஹேசல்டன் சீமன் என்பவர் கட்டியது. 12 அடி நீளம், 4 அடி அகலம். கரண்டியைக் கவிழ்த்த மாதிரி வளைந்த மேல்தட்டு முழுப் படகையும் மூடியிருக்கும். நடுவில் ஒரு ஆள் படுக்கும் அளவுக்கு மட்டும் திறப்பு. அலை அணியத்தில் ஏறினாலும் வளைவில் வழிந்து இரண்டு பக்கமும் போய்விடும். திறப்புக்கு முன்னால் ஒரு கேன்வாஸ் தடுப்பு வேறு. மேல்தட்டில் புல்லைப் பரப்பிவிட்டால் படகே சதுப்பாகிவிடும்.

மூன்றாவது, நம் மசூலாப் படகு. சென்னையில் துறைமுகம் கட்டத் தொடங்கியதே 1876இல்தான். அதுவரை கப்பலிலிருந்து ஆளும் சரக்கும் கரைக்கு வந்தது மசூலாவில். பலகைகளைத் தேங்காய்நார்க் கயிற்றால் தைத்தது, ஆணி கிடையாது, விலாக்கட்டை கிடையாது. கரையலை தூக்கி அடித்தால் படகு நெளிந்து கொடுக்கும், உடையாது.

இப்போது வீடியோவில் பார்த்த அந்தத் திறந்த தட்டைப் படகை எடுங்கள். தண்ணீரை வெளியேயும் விடாது, உள்ளே வராமலும் தடுக்காது, நெளிந்தும் கொடுக்காது. அது குளத்துப் படகு, ஆற்று ஓரப் படகு. அங்கே அது அருமை. எண்ணூர் உப்பங்கழிக்குள்ளும் அருமை. ஏரி நடுவில் அதை நம்பக் கூடாது.

கட்டுமரத்தை நான் ஏன் சொல்லவில்லை என்றால், எப்போதும் நனைந்தபடி இருக்கணும். கேமராவும் எண்ணும் நோட்டும் அதில் பிழைக்காது. மற்றபடி அதைவிடப் பத்திரமான படகு இந்தக் கரையில் பிறக்கவில்லை.

17 நவம்பர், இரவு

ஆகையால் நடுவழி. 14 அடி ஃபைபர், தட்டை அடி, அணியத்தில் மட்டும் அடி கொஞ்சம் கூர்மையாக ஏறி வளையட்டும். முன்னால் 4 அடிக்கு மேல்தட்டு. இரண்டு பக்கமும் அரை அடி அகலத்துக்கு நடைத்தட்டு. திறப்பைச் சுற்றி மூன்று, நான்கு அங்குல உயரத்தில் விளிம்புக் கட்டை. ஸ்னீக்பாக்ஸின் மூளையைத் திறந்த படகின் உடம்பில் வைப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்திருப்பது இதுதான்.

21 நவம்பர்

அலுமினியமா ஃபைபரா என்று தனியாக ஐந்தாறு பேர் கேட்டாயிற்று.

அலுமினியம் லேசு, கல்லில் இடித்தால் நசுங்கும், உடையாது. ஆனால் உப்புத் தண்ணீருக்கு 5052, 5083 ரகத் தகடு வேண்டும். கடைத்தெருவில் கிடைக்கிற தகடு ஆகாது. எவர்சில்வர் போல்ட்டை நேராக மாட்டினால் அந்த இடத்தைச் சுற்றி உப்பு தின்றுவிடும். அதைவிடப் பெரிய குறை சத்தம். படகைத் தள்ளும் கழி ஒருமுறை தகட்டில் பட்டால் போதும், கால் கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும் நீலச்சிறகிக் கூட்டம் எழுந்துவிடும். உள்ளே பாய் விரித்தால் குறையும், நிற்காது.

ஃபைபர் என்றால் காசிமேட்டிலிருந்து பழவேற்காடு வரை எந்தக் குப்பத்திலும் ஒட்டுப்போடத் தெரிந்த ஆள் உண்டு. இது ஒன்றே எனக்குப் போதுமான காரணம். பழுது பார்க்க ஆள் இல்லாத படகு நல்ல படகே இல்லை.

காற்றடைத்த ரப்பர்ப் படகு வேண்டவே வேண்டாம். எண்ணூரில் பாலத்தூண், பழைய கம்பம், கல் எல்லாவற்றிலும் ஆளிச் சிப்பியும் கொட்டலசும் அப்பிக் கிடக்கும். ஆளி ஓட்டின் விளிம்பு பிளேடு. வற்றத்தில், அதாவது கடல் நீர் இறங்கும் நேரத்தில், அது தண்ணீருக்கு ஒரு சாண் கீழே கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும்.

ஒட்டுப்பலகையில் நானே கட்டுகிறேன் என்கிறவர்கள், பலகையில் ஐ.எஸ். 710 முத்திரை இருக்கிறதா பாருங்கள். அதுதான் படகுக்கான மரைன் பிளை. 303 முத்திரை வீட்டு அலமாரிக்கு.

24 நவம்பர்

மிதவை பற்றி. இது நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள், எனக்கு மனசு வெந்த விஷயம்.

ஃபைபர் தண்ணீரைவிடக் கனமானது. ஓட்டை விழுந்து தண்ணீர் நிறைந்தால் மூழ்கும். அதனால் உள்ளே மூடிய அறைகள் வைத்து அதில் மிதக்கும் பொருள் அடைக்கணும். ஒரு லிட்டர் அடைத்தால் ஏறக்குறைய ஒரு கிலோவைத் தாங்கும். 90 கிலோ ஃபைபர் தண்ணீருக்குள் 35 கிலோ மாதிரிதான் கனக்கும். எஞ்சின், சாமான், பிடித்துத் தொங்கும் இரண்டு ஆள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 100 லிட்டருக்குக் குறையாமல் வையுங்கள், 150 என்றால் நிம்மதி.

என் படகை ஒரு பட்டறையில் கொடுத்திருந்தேன். முன் மேல்தட்டுக்கு அடியில் தெர்மாகோல் நிரப்பி மூடிவிட்டதாகச் சொன்னார்கள். வாங்கிய பிறகு மேல்தட்டைத் தட்டினால் ஒரு இடத்தில் கெட்டியாகவும் ஒரு இடத்தில் பொக்கென்றும் கேட்டது. துளை போட்டுக் கையை விட்டுப் பார்த்தோம். தெர்மாகோல் பாதி இல்லை. அறையின் மூலையில் மஞ்சளாக, மிட்டாய்ப் பாகு காய்ந்த மாதிரி ஒரு கட்டி ஒட்டியிருந்தது. ஃபைபரை ஒட்டப் பூசும் பாலியெஸ்டர் ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் தெர்மாகோலைக் கரைத்துவிடும். ரெசினை நேராக அதன்மேல் பூசியிருக்கிறார்கள். தொழில் தெரிந்தவர்களுக்கு இது தெரியாமல் இருக்காது. மூடிவிட்டால் யார் பார்க்கப் போகிறார்கள் என்ற நினைப்புதான். ஏரி நடுவில் ஒரு நாள் அந்த அறையை நம்பி இரண்டு உயிர் தொங்கியிருக்கும்.

எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிட்டு மூடி இறுக்கிய காலி இரண்டு லிட்டர் பாட்டில்களை அடுக்கினேன். இடுக்குகளில் மட்டும் பாலியூரித்தேன் நுரை. பாட்டில் ஒன்று ஓட்டையானாலும் மற்றது இருக்கும். மேலே கழற்றக்கூடிய மூடி வைத்து அடைத்தாயிற்று. நீங்களும் பட்டறையில் அறையை மூடும் அன்றைக்கு நேரில் போய் நில்லுங்கள். அன்றைக்கு லீவு போட்டாலும் பரவாயில்லை.

25 நவம்பர்

பெட்ரோலும் தெர்மாகோலைக் கரைக்கும். நேற்று விட்டுப்போனது. எரிபொருள் கேன் வைக்கும் இடத்துக்குக் கீழே அது இருக்கவே கூடாது.

2 டிசம்பர்

ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரை ஏறிவிட்டது. இங்கே மழை விட்டும் ஆறு இன்னும் பழுப்பாக ஓடுகிறது. கொசஸ்தலையாற்றில் பூண்டித் தண்ணீரும் வந்தால் எண்ணூர்ப் பக்கம் இழுப்பு பயங்கரமாக இருக்கும். படகு வைத்திருப்பவர்கள் யாரும் இந்த வாரம் இறக்காதீர்கள்.

போன வருஷம் இதே நேரம் மிக்ஜாம் புயல். வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து கழிமுகம் முழுக்கக் கறுத்துப் போயிற்று. கூழைக்கடாக்கள் சிறகெல்லாம் எண்ணெயோடு உட்கார்ந்திருந்தன. காட்டுக்குப்பத்து அண்ணன் ஒருத்தர் வலையையும் படகையும் வாரக்கணக்கில் தேய்த்தார். அவர்களுக்கு அந்தத் தண்ணீர்தான் சோறு. நாம் பொழுதுபோக்குக்குப் படகு கேட்கிறோம். அந்த வித்தியாசம் மனசில் இருந்தால் அவர்களின் துறையில் படகை இறக்கும்போது எப்படி நடந்துகொள்வது என்று தானாகவே தெரியும்.

8 டிசம்பர்

எஞ்சின். முதலில் கழியும் துடுப்பும் மட்டும் போதும் என்றுதான் எழுத நினைத்திருந்தேன். பழவேற்காட்டு வாசகர் ஒருவர் எதிர்காற்றில் மூன்று கிலோமீட்டர் தள்ளிக் காட்டுங்கள் என்று கேட்டிருக்கிறார். அவர் சொல்வது சரி. தட்டைப் படகைக் காற்று பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே போகும். எஞ்சின் வேண்டும், சின்னது.

ஆனால் எது? படகின் பின்னால் மாட்டும் சாதாரண அவுட்போர்டு எஞ்சின் தன்னைக் குளிர்விக்கக் கீழேயிருந்து தண்ணீர் உறிஞ்சும். எண்ணூரில் அடியில் கிடப்பது வெறும் சேறு இல்லை, அனல் மின் நிலையச் சாம்பலும் சேர்ந்த சேறு. மாவு போல நைசாக இருக்கும். அது பம்புக்குள் போனால் அதன் ரப்பர் இறகைத் தேய்த்துவிடும், குழாயை அடைக்கும். அமெரிக்கச் சதுப்புகளில் இதற்காகவே காற்றில் குளிரும் எஞ்சினோடு நீளமான தண்டு வைத்து, தண்டின் நுனியில் விசிறி வைக்கிறார்கள். நம் ஃபைபர் படகுகளின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் அதே லாங்டெயில்தான். தாய்லாந்துக் கால்வாய்களிலும் அதுதான். சேறு தட்டினால் கைப்பிடியை அழுத்தினால் போதும், விசிறி மேலே எழும்பிவிடும்.

எண்ணூருக்கு மட்டும் என்றால் சின்ன லாங்டெயில். பழவேற்காடு மட்டும் என்றால் சின்ன அவுட்போர்டு. இரண்டுக்கும் என்றால் லாங்டெயில்தான், சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளணும். பறவைக்கு 300, 400 மீட்டர் முன்னாலேயே அணைத்துவிடுங்கள். அங்கே அமெரிக்காவில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும் படகிலிருந்து வாத்தைச் சுடக் கூடாது, அணைத்து வேகம் முழுக்க அடங்கிய பிறகுதான் என்று சட்டமே இருக்கிறது. வேட்டைக்காரருக்கே அந்தக் கட்டுப்பாடு. கேமராக்காரர்கள் கூட்டத்துக்குள் எஞ்சினோடு பாய்ந்து பறவையை எழுப்பிப் படம் எடுப்பதைப் பார்க்கும்போது ரத்தம் கொதிக்கிறது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்து இளைத்துக் கிடக்கும் பறவை அது.

9 டிசம்பர்

கழி. சவுக்கு அல்லது மூங்கில், 12 அடி. எண்ணூர்ச் சேற்றில் வெறும் கழியைக் குத்தினால் கை முழம் அளவு இறங்கும், உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். படகு முன்னால் போகும், கழி பின்னால் நிற்கும், நீங்கள் நடுவில். நுனியில் ஒரு சாண் நீளக் கட்டையைக் குறுக்காக வைத்துக் கட்டிவிட்டால் இறங்காது. பிடுங்கும்போது நேரே இழுக்காமல் ஒரு திருகு திருகி எடுக்கணும். காட்டுக்குப்பத்தில் பன்னிரண்டு வயசுப் பையன் கூட இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்வான். பக்கத்தில் நின்று அவன் மணிக்கட்டைக் கவனியுங்கள், நான் எழுதிப் புரியவைக்க முடியாது.

சேற்றில் இறங்கித் தள்ளலாமா என்றால், கூடாது. தொடை வரை போகும். இறங்கித்தான் ஆகணும் என்றால் ஒரு கையால் படகைப் பிடித்தபடியே இருங்கள்.

15 டிசம்பர்

பச்சை பெயின்ட் வேண்டாம். அமெரிக்காவில் நாணல், புல்லின் நிறத்துக்குப் பொருத்தமாக அடிக்கிறார்கள். நம் சதுப்பில் பின்னணி சாம்பல் நிறச் சேறு, மங்கலான தண்ணீர், வெளுத்த வானம். வெளிர் சாம்பல் போதும். கறுப்பு, கரும்பச்சை எல்லாம் பத்து மணி வெயிலில் உட்கார முடியாமல் சுடும். நிறத்தைவிடப் பளபளப்புதான் காட்டிக்கொடுக்கும். ஃபைபரின் மேல்பூச்சான ஜெல்கோட்டின் மினுமினுப்பை 400 நம்பர் வாட்டர் பேப்பரால் தேய்த்து மங்கச் செய்துவிடுங்கள்.

அதைவிட முக்கியம் உயரம். நின்றால் எல்லாமே பறக்கும். உட்கார்ந்து, நேராகப் போகாமல் சாய்வாக, அவற்றைத் தாண்டிப் போகிற மாதிரி நகர்ந்தால் புள்ளிமூக்கு வாத்து தலையை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேயும்.

22 டிசம்பர்

"முகத்துவாரம் வழியாக ஒரு எட்டு கடலுக்குப் போய் வரலாமா?"

முடியாது. வற்றத்தில் உப்பங்கழியின் தண்ணீர் வெளியே ஓடும், கடலலை எதிரே வரும். இரண்டும் முட்டும் இடத்தில் அலை நின்று செங்குத்தாக எழும். மணல் திட்டு மாதத்துக்கு மாதம் இடம் மாறும். சென்னைக் கரையில் ஓத வேறுபாடு பெரிய நாளிலும் ஒரு மீட்டரை ஒட்டித்தான். ஆனால் அந்தத் தண்ணீர் முழுக்க ஒரு குறுகிய வாய் வழியாகப் போகணும் என்பதை யோசியுங்கள். முகத்துவாரக்குப்பத்துக்காரர்கள் போவார்கள், வருவார்கள். அது அவர்கள் பிறந்து வளர்ந்த வாசல்.

29 டிசம்பர்

அனுமதி பற்றிக் கேட்டவர்களுக்கு. பழவேற்காட்டில் தமிழ்நாட்டுப் பக்கமே பறவைகள் சரணாலயம் இருக்கிறது. வனத்துறையிடம் கேட்காமல் படகை இறக்காதீர்கள். ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். 1987இலிருந்து வருஷா வருஷம் நடக்கிறது. அதில் சேர்ந்துகொண்டால் உங்கள் எண்ணிக்கைக்கும் ஒரு பயன் உண்டு, வழிகாட்டவும் ஆள் இருப்பார்கள்.

அனுமதி வாங்கிய பிறகும் ஊரில் கேளுங்கள். பழவேற்காட்டில் மீன்பிடிக்குப் பாடு முறை உண்டு. இன்றைக்கு இந்த இடம் இந்தக் குப்பத்துக்கு, நாளைக்கு அடுத்தவருக்கு என்று முறை வைத்து வலை கட்டுவார்கள். கம்பம் நட்டு வலை கட்டியிருக்கும் இடத்தில் உங்கள் விசிறி மாட்டினால் அன்றைய பாடு போச்சு. ஒரு குடும்பம் பல நாள் காத்திருந்து வந்த முறையாக இருக்கும் அது. "அண்ணே, இன்னைக்கு எந்தப் பக்கம் வலை?" என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். கேட்டவருக்கு வழி சொல்லாமல் அனுப்பியவரை நான் பார்த்ததில்லை.

5 ஜனவரி 2025

மீஞ்சூர் நண்பர் 14 அடியைக் குட்டியானை வண்டியில் ஏற்ற முடியுமா என்கிறார். தட்டு ஏழடி. பாதிப் படகு வெளியே நிற்கும். அணியத்தை உள்ளே வைத்து, நடுவிலும் கட்டி, பின்னால் சிவப்புத் துணி தொங்கவிட்டுத்தான் நாங்கள் கொண்டுபோகிறோம். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அது தொல்லைதான். இதற்காக 12 அடிக்கு இறங்கலாமா என்று அவர் மறுபடி கேட்கிறார்.

யோசித்துப் பார்த்தேன். எண்ணூர் உப்பங்கழிக்குள் மட்டும், தனி ஆள், எஞ்சின் இல்லை என்றால் 12 அடி சரி. அகலத்தை மட்டும் குறைக்காதீர்கள், 4 அடிதான். பழவேற்காட்டைத் தொடுகிற எண்ணம் கொஞ்சம் இருந்தாலும் 14. இல்லையென்றால் வண்டியில் ஏற்றுவதையே விட்டுவிட்டு, குப்பத்தில் யாரிடமாவது பேசி, மாதம் ஏதாவது கொடுத்து அங்கேயே நிறுத்துங்கள். அவர்களும் வேண்டும்போது எடுத்துக்கொள்ளட்டும். ஓடாமல் வெயிலில் கவிழ்ந்து கிடக்கும் படகைவிட ஓடுகிற படகு நன்றாக இருக்கும்.

12 ஜனவரி

பட்டறைக்குச் சொல்ல வேண்டியவற்றை மீஞ்சூர் நண்பர் கேட்டிருக்கிறார், கட்டவே முடிவு செய்துவிட்டார். சந்தோஷம். அகலம், மேல்தட்டு, விளிம்புக் கட்டை எல்லாம் மேலே இருக்கிறது. இரண்டு விஷயம் சேர்த்துக்கொள்ளுங்கள். அமரத்தில், அதாவது பின்முனையில், தண்ணீர் வடிய அடைப்போடு ஒரு துளை. நடுவில் உட்காரும் பலகை தாழ்வாக, அடித்தட்டிலிருந்து எட்டு அங்குலத்துக்கு மேல் வேண்டாம். எடை கீழே இருக்க இருக்கப் படகு நிற்கும்.

பின்பலகை உயரத்தை எஞ்சின் வாங்குவதற்கு முன்னாலேயே முடிவு செய்யணும். அவுட்போர்டு என்றால் குட்டைத் தண்டு 15 அங்குலம், நெட்டைத் தண்டு 20 அங்குலம் என்று வரும். நம் ஆழத்துக்குக் குட்டைத் தண்டுதான். ஆனால் பின்பலகையை முழுக்க 15க்கு வெட்டிவிட்டால் பின்னாலிருந்து வரும் அலை அப்படியே உள்ளே ஏறும். பலகையை 20க்கே விட்டு, எஞ்சின் உட்காரும் இடத்தை மட்டும் 15க்கு வெட்டச் சொல்லுங்கள். அந்த வெட்டுக்கு முன்னால் படகுக்குள் ஒரு குறுக்குச் சுவர் வைத்து, இரண்டுக்கும் நடுவே விழும் தண்ணீர் வெளியே ஓட இரண்டு துளை விடச் சொல்லுங்கள். லாங்டெயில் என்றால் தண்டு எந்த உயரத்தில் சாய்வாக இறங்குகிறது என்று எஞ்சினை எடுத்துப்போய் வைத்துப் பார்த்த பிறகுதான் வெட்டணும். வாயால் சொன்னால் மறந்துவிடுவார்கள். தாளில் படம் வரைந்து, அளவு எழுதி, பட்டறைச் சுவரில் ஒட்டிவிட்டு வாருங்கள்.